பேச்சு நின்றுபோன வீட்டில்



கடந்த வருடம் மாசி மாதத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு வாடகை அறைகள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பின்னர் மூத்த மகளின் வேலை காரணமாகக் கொழும்புக்கு வந்த குடும்பம். தாய்க்கு அறுபது வயது கடந்துவிட்டது. மூன்று கிழமைகளுக்கு முன்னர் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தார். வலது கையைத் தூக்க முடியாது. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடப்பார். பேச்சுத்தான் இல்லை. ஒரேயொரு சொல் மட்டும் வரும். "தம்பி."

அவருடைய மகன் ஒருவரை 2009 மே மாதத்திற்குப் பின் யாரும் காணவில்லை. அந்த வீட்டில் அவரைத் தம்பி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். ஆகவே தாய் அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது அழுதார்கள். பார்க்க வந்த சொந்தக்காரரும் அழுதார்கள். "அம்மா தம்பியைத்தான் தேடுறா மிஸ். வேற ஒண்டும் அவவுக்கு விளங்குதில்லை" என்று மகள் சொன்னாள். நானும் அப்படியே நம்பினேன். எனது குறிப்புப் புத்தகத்தில் 'துயரம், உளவள ஆலோசனை தேவை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். சமூகவியல் படித்தவர்களிடம் உள்ள ஒரு குறை இது. எதைக் கண்டாலும் அதற்குரிய காரணம் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை போனபோது ஒரு மணித்தியாலம் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். தேநீர் சூடாக இருந்தது, கோப்பையைத் தள்ளிவிட்டு "தம்பி!" என்றார். மின்விசிறியைக் காட்டி "தம்பி, தம்பி" என்றார். பேத்தி பாடசாலையால் வந்தவுடன் முகம் மலர்ந்து "தம்பி" என்றார். ஒவ்வொரு முறையும் குரல் வேறு. கோபம் வேறு, கேள்வி வேறு, ஆசை வேறு. சொல் மட்டும் ஒன்று. சொல்லிவிட்டு இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிழையான சொல் வருகிறது என்பது அவருக்கே தெரிந்திருந்தது! விளங்காமல் இருந்தது எங்களுக்குத்தான்.

இப்படியொரு நோயாளியைப் பற்றி 1861 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மனிதர், எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓசையை மட்டும் சொன்னார். மற்றவர்கள் சொல்வது அவருக்கு விளங்கியது. அவர் இறந்தபின் புறோக்கா என்ற வைத்தியர் மூளையைப் பரிசோதித்து, இடது பக்கத்தின் முன்பகுதியில் பாதிப்பு இருப்பதைக் கண்டார். பேச்சை ஆக்கும் இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரியவந்தது. இடது மூளைதான் உடலின் வலது பக்கத்தையும் இயக்குகிறது. அதனாலேயே வலது கை கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவதை நாம் அதிகம் காண்கிறோம்.

பேச்சுப் போவதில் பல விதம் உண்டு. சிலருக்கு நாக்கும் உதடும் தளர்ந்து சொல் குழறும். சொல் சரி, உச்சரிப்புத்தான் கெட்டிருக்கும். சிலருக்கு எல்லாம் விளங்கும், சொல் வெளியே வராது. இந்த அம்மா அந்த வகை. இன்னும் சிலருக்குச் சரளமாகப் பேச்சு வரும், ஆனால் அதில் பொருள் இராது. மற்றவர் சொல்வதும் சரியாக விளங்காது. இப்படிப்பட்டவரைத்தான் 'பைத்தியம் பிடித்துவிட்டது', 'பேய் பிடித்துவிட்டது' என்று நேர்த்திக்கடன், நூல்கட்டு என்று கொண்டு திரிகிறார்கள். முதல் மணித்தியாலங்களில் அப்படித் திரிந்தால் உயிருக்கே ஆபத்து.

போரைக் கடந்து வந்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்களிடையே பல வருடங்களாகவே அதிகம் பேசாமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒருவர் பேசவில்லை என்றால், 'பழைய யோசனையில் இருக்கிறா' என்று விட்டுவிடுகிறோம். துக்கத்தினால் வரும் மௌனம் இப்படித் திடீரென்று வாயைக் கோணச் செய்யாது, ஒரு கையைத் தொங்கவிடாது. முகம் ஒரு பக்கம் இழுபட்டால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அல்லது நின்றால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் வடக்கு கிழக்கு உட்பட ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. பணம் எதுவும் இல்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்திற்குள் ஏற்ற வேண்டும். ஸ்கான் எடுத்துப் பார்த்த பின்னர்தான் அதை ஏற்றலாம், அது எல்லோருக்கும் பொருந்துவதுமில்லை. எனவே ஸ்கான் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு எவ்வளவு முந்திப் போகிறோமோ அவ்வளவு நல்லது.

அந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். மூன்றாவது முறை நான் போனபோது மகள் ஒரு விடயம் கேட்டாள். அயலில் ஒருவர் 'சைனீஸ் ஊசி வைத்தியம்' செய்யும் இடம் ஒன்றைச் சொல்லியிருந்தார். பத்துத் தடவை குத்தினால் பேச்சு வந்துவிடுமாம். மகளிடம் இருந்தவை இரண்டு காப்புகள். "அடகு வைக்கட்டே மிஸ்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிந்துகொண்டு வந்து சொல்வதாகக் கூறினேன். அப்படி வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இம்முறை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வியப்பாக இருந்தது பெயர்தான். நாங்கள் பாரிசவாதம், பக்கவாதம் என்கிறோம். வாதம் என்பது எங்கள் சித்த வைத்தியத்தில் காற்றின் கூறு. சீனர்கள் இந்த நோயைச் 'சொங் ஃபெங்' என்கிறார்கள். 'காற்றினால் அடிபட்டது' என்பது அதன் பொருள். இரண்டு நாட்டு வைத்தியர்களும் இந்த நோயைக் காற்றின் வேலை என்றே கண்டிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளை விழுத்துவதால் அப்படித் தோன்றியிருக்கலாம். சீன வைத்திய நூல்களில் நாக்கை இதயத்தின் முளை என்பார்கள். பேச்சுக்கு இதயமே பொறுப்பு என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. அதனால் பேச்சுப் போனவருக்கு, கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்கு மேலே உள்ள ஓரிடத்திலும், மணிக்கட்டில் இதயத்துக்குரியதென்று அவர்கள் கருதும் கோட்டிலும் ஊசி குத்துகிறார்கள். தலைத்தோலில் குத்தும் முறை 1970களின் தொடக்கத்தில் உருவானது. அது பழைய நூல்களில் இருந்து வந்ததல்ல. மூளையின் எந்தப் பகுதி பேச்சுக்குரியது என்ற மேல்நாட்டு அறிவை எடுத்து, அதற்கு நேர் மேலே உள்ள தோலில் குத்துகிறார்கள். 1972 இல் தியென்ஜின் நகரில் ஷி சுவேமின் என்ற வைத்தியர் பாரிசவாதத்துக்கென்றே இன்னொரு முறையை வகுத்தார். 'மூளையை விழிக்கச் செய்து வாசலைத் திறப்பது' என்பது அதன் பெயர்.

இது எங்கள் நாட்டுக்கும் புதிதல்ல. வெள்ளவத்தையில் இருந்து தூரமில்லாத களுபோவில வைத்தியசாலையில், வைத்தியர் அன்ரன் ஜயசூரிய 1970களில் சீனாவில் கற்று வந்து அக்குபங்சர் சிகிச்சையை நடத்தினார். அவரிடம் பழக வெளிநாடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர் 2005 இல் காலமானார். அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் நடந்த வைத்தியம் என்பதால்தான் கொழும்பில் பலருக்கு இன்றும் அதன்மேல் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் அதே பெயரில் சுவரில் ஒரு சான்றிதழைத் தொங்கவிட்டிருக்கும் எல்லோரும் ஒன்றல்ல.

சரி, ஊசியால் பேச்சு வருமா? 2024 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சீனாவில் மூன்று வைத்தியசாலைகளில் 252 பேரிடம் நடத்தப்பட்டது. சொல் வெளியே வராத வகை நோயாளிகள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான ஊசிச் சிகிச்சை, மற்றப் பகுதியினருக்குப் பெயருக்கு ஊசி. ஆறு வாரங்களின் பின் உண்மையான ஊசி பெற்றவர்களின் பேச்சில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. ஆறு மாதங்களின் பின்பும் அந்த வித்தியாசம் நீடித்தது. இதை வாசித்தபோது மகளின் காப்புகளைத்தான் நினைத்தேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. இரண்டு பகுதியினருக்குமே பேச்சுப் பயிற்சியும் வழமையான மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஊசி மட்டும் பெற்றவர் என்று அதில் எவரும் இல்லை. ஊசி செய்தது, பயிற்சியால் வந்த பலனைச் சற்றுக் கூட்டியதுதான். பேச்சுப் பயிற்சியைப் பற்றி 2016 இல் 57 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், அது பேசவும் வாசிக்கவும் எழுதவும் உதவுகிறது என்றே முடிவு செய்தார்கள். ஆக, பத்துத் தடவை குத்திவிட்டு வீட்டில் ஒருவரும் அந்த அம்மாவோடு பேசாமல் இருந்தால் காப்புப் போனதுதான் மிச்சம்.

உண்மையில் எனது மனதைப் பிடித்தது ஊசியல்ல. சீன வைத்தியசாலைகளில் தாதியர் செய்யும் வேலை. அங்கே சீன வைத்திய முறைப்படி நோயாளியைப் பராமரிக்கவென்றே தாதியரைப் பழக்குகிறார்கள். அவர்கள் நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லி, இடம் வலமாக அசைக்கப் பழக்குகிறார்கள். கன்னத்தை ஊதச் செய்கிறார்கள். கையிலும் மணிக்கட்டிலும் விரலால் மெதுவாக அழுத்தித் தேய்த்து விடுகிறார்கள். சிறிய கறுப்பு விதைகளைக் காதில் ஒட்டி, நாளுக்குச் சில தடவை அழுத்தி விடுவதும் உண்டு. விழுங்கக்கூடியவருக்குக் கஞ்சிதான் முதல் உணவு; உப்பும் எண்ணெயும் குறைவு. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் முக்குவதால் இரத்த அழுத்தம் ஏறும். கோபமும் கவலையும் உள்ளே இன்னும் காற்றைக் கிளப்பும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே நோயாளியின் மனதை அமைதியாக வைத்திருப்பதையும் தாதியின் வேலையாகவே வைத்திருக்கிறார்கள். காதில் ஒட்டும் விதைக்கு என்ன பலன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் தினமும், அதே நேரத்துக்கு, பக்கத்தில் வந்திருந்து, முகத்தைப் பார்த்து, வாயை அசைக்கச் செய்து, கையைப் பிடித்துத் தேய்த்து, அவசரப்படாமல் பேசுகிறார் என்பதற்குப் பலன் இருக்கிறது. அதை எங்கள் வீடுகளில் ஒரு சதமும் இல்லாமல் செய்யலாம்.

மகளிடம் இதைத்தான் சொன்னேன். காப்பை அடகு வைக்க வேண்டாம். கையில் மிச்சக் காசு இருந்து, கிளினிக் வைத்தியரும் சம்மதித்து, பதிவுபெற்ற வைத்தியர் ஒருவர் புதிய ஊசிகளைப் பாவித்துச் செய்வாரென்றால் தடையில்லை. ஆனால் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் அதை ஊசி வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். குளிசையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. வாபரின் எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் சீன மூலிகையோ வேறு மூலிகையோ எடுக்கவும் கூடாது. பின்கழுத்திலும் தொண்டையிலும் நாங்களாக அழுத்திப் பார்க்கக் கூடாது. இன்னொன்று. பாரிசவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் உடனே சுகமாகும், இது சீன முறை என்று பல வருடங்களாக ஒரு செய்தி சுற்றி வருகிறது. முன்பு மின்னஞ்சலில் வந்தது, இப்போது வட்ஸ்அப்பில் வருகிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். விரலைக் குத்திக்கொண்டிருக்கும் அரை மணித்தியாலம், நாலரை மணித்தியாலத்தில் இருந்துதான் போகிறது.

விழுங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சுப் போனவர்களில் பலருக்கு விழுங்கலும் பாதிக்கப்பட்டிருக்கும். வைத்தியசாலையில் பரிசோதித்து, என்ன கொடுக்கலாம் என்று சொல்லும்வரை தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது. சோடா, தீர்த்தம், தேநீர் எதுவும் வேண்டாம். தண்ணீர்போல் ஓடும் பொருள்தான் சுவாசப்பைக்குள் இலகுவாகப் போகும். கொடுக்கலாம் என்று சொன்ன பின்பும் நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியதன் பின் அடுத்த வாய்.

இனிப் பயிற்சி. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரைக் கிளினிக் மூலம் சந்திப்பதே சரியான வழி. எங்கள் நாட்டில் இதற்கான படிப்பு 1997 இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் தொடங்கியது. தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் இன்னும் மிகக் குறைவு. மாதத்தில் ஒருமுறை சந்திக்கக் கிடைத்தால் அதுவே பெரிது. மீதி இருபத்தொன்பது நாளும் வீட்டாருடையவை.

இங்கே மொழிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பல வருடங்களாகக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். வீட்டில் தமிழ், கடைகளில் சிங்களம். இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. பாரிசவாதம் வந்து வார்டில் இருந்தபோது அவரிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. 'விளங்குவதில்லை' என்று எழுதப்பட்டது. பின்னேரம் தங்கை வந்து தமிழில் "அக்கா, கால் நோகுதா?" என்று கேட்டபோது தலையசைத்தார். இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போவதில்லை, ஒரே வேகத்தில் திரும்புவதுமில்லை. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முந்தி வரும் என்று பித்ரே என்ற பிரெஞ்சு வைத்தியர் 1895 இல் எழுதினார். பலருக்கு அது சரியாக இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. இந்தப் பெண்ணுக்குத் தமிழ் முந்தி வந்தது. சிங்களச் சொற்கள் சில மாதங்கள் சென்று, ஆச்சரியமாகக் காசுக் கணக்கில் இருந்து தொடங்கின. ஆகவே வார்டில் சேர்க்கும்போதே, இவர் எந்தெந்த மொழி பேசுவார், வீட்டில் எந்த மொழி என்று எழுதிக் கொடுங்கள். அரசகரும மொழியாகத் தமிழும் 1987 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. தமிழில் கேட்கச் சொல்வது சலுகை கேட்பதல்ல. ஆள் இல்லையென்றால் நீங்களே பக்கத்தில் நின்று மொழிபெயருங்கள்.

அதே பெண் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருந்த நாட்களில், மாலையில் வீட்டார் செபமாலை சொல்லும்போது கூடவே முழுச் செபத்தையும் முணுமுணுத்தார். தங்கை இதைப் புதுமை என்றாள். புதுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு வைத்திய விளக்கமும் உண்டு. மனப்பாடமான செபம், தேவாரம், தாலாட்டு, ஒன்று இரண்டு மூன்று, திங்கள் செவ்வாய் போன்றவை யோசித்துப் பேசும் பேச்சைப் போல முற்றாக இடது மூளையை நம்பி இருப்பதில்லை. ராகத்தில் வலது மூளைக்கும் பங்கு உண்டு. இதை வைத்தே 1973 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ராகத்தோடு இழுத்துச் சொல்லிப் பழக்கும் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். சொல்லைப் பாட்டுப்போல இழுத்து, இடது கையால் தாளம் தட்டி, பின்னர் மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துச் சாதாரண பேச்சுக்குக் கொண்டுவருவார்கள்.

வெள்ளவத்தை அம்மாவுக்கு நாங்கள் அதைத்தான் எடுத்தோம். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். தொலைக்காட்சி நிறுத்தம். மகள் எதிரே இருந்து, சிறுவயதில் அவர் பாடிய தாலாட்டைத் தொடங்குவாள். பாதியில் நிறுத்துவாள். அம்மா தொடர்வார். முதல் நாள் அவர் தன் குரலில் "தம்பி" அல்லாத ஒரு சொல்லைக் கேட்டு விறைத்துப்போய் இருந்ததை நான் மறக்கமாட்டேன். பின்னர் கோப்பை, கரண்டி, சீப்பு, தேங்காய் என்று கையில் கொடுத்துப் பழக்கம். "இது என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம் என்றேன். "நான் தேத்தண்ணி ஊத்துறது... கோ..." என்று தொடக்க எழுத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருத்தல்தான் எங்களுக்கு வராது. மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் பல நேரம் சொல் வரும். நாங்கள் இரண்டு எண்ணுவதற்குள் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

பிழையான சொல் வந்தாலும் கருத்து விளங்கினால் விட்டுவிடுங்கள். 'தம்பி' என்று சொல்லிச் செம்பைக் காட்டினால் தண்ணீரைக் கொடுங்கள். 'தண்ணீர் என்று சொல்லு, பிறகு தருவேன்' என்று தடுப்பது பயிற்சியல்ல. அவர் முன்னிலையிலேயே 'இவவுக்கு ஒன்றும் தெரியாது' என்று விருந்தினரிடம் சொல்லாதீர்கள். அவர் காதில் விழுகிறது. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் இருக்கும். ஆனால் ஒரு வருடம் கடந்தும் புதிய சொற்கள் வருவதுண்டு. பேச்சுப் போனவர்களில் பலருக்கு மனச்சோர்வு வரும். உண்ணாமல், உறங்காமல், சுவரைப் பார்த்து இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

வெளியே போகும்போது கழுத்தில் ஒரு சிறு அட்டை தொங்கவிடச் சொன்னேன். 'எனக்குப் பாரிசவாதம் வந்தது. நீங்கள் சொல்வது விளங்கும். கதைக்க நேரம் தேவை' என்று மூன்று மொழியிலும், கீழே வீட்டுத் தொலைபேசி இலக்கம். சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில் இந்த நகரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இன்று சாவடி இல்லை. ஆனாலும் பஸ்ஸில், வங்கியில், மருந்துக்கடையில் பேசாத ஒருவரைக் குடிகாரர் என்றோ திமிர் பிடித்தவர் என்றோதான் பார்க்கிறார்கள்.

நான் இத்தனையும் எழுதக் காரணமான விடயத்தை இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கிறது. மகனின் படம், செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், 2013 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு முன் சாட்சி சொல்லப் போன கடிதம், 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி. ஒவ்வோர் இடத்திலும் அம்மாதான் போய்ச் சொன்னவர். மகனைக் கடைசியாகக் கண்டவரும் அவர்தான். மகள் அந்த நாட்களில் வேறு பாதையால் போனவள், அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதி முழுவதும் அந்தப் பேசாத வாய்க்குள் இருந்தது. பாரிசவாதத்தில் ஒரு குடும்பம் இழப்பது சம்பளத்தையும் சமையலையும் மட்டுமல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படிப் பை வைத்திருக்கும் சகோதரிகள் இதை வாசித்தால், உங்கள் வாயால் சொல்ல முடியும் இந்த நாட்களிலேயே பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவித்து, திகதியிட்டுக் கையொப்பம் வைத்து, அந்தப் பைக்குள் போடுங்கள். பிரஷர் குளிசையையும் தவறவிடாதீர்கள். தலையிடி இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று பொருளல்ல.

நாலு மாதம் கழித்து அம்மாவும் மகளும் அந்தப் பையைத் திறந்தார்கள். மகள் விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து, சரியா என்று கேட்பாள். அம்மா தலையசைப்பார். தொடக்கத்தில் ஆம், இல்லை என்பதே மாறி மாறி வந்தது. இதுவும் இந்த நோயின் இயல்பு. அதனால் ஒரே கேள்வியை மாற்றியும் கேட்டாள். "காலமையா?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் சென்று "பின்னேரமா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் பொருந்தினால்தான் எழுதுவாள். நான் பக்கத்தில் இருந்து குறித்துக்கொண்டேன்.

உடை என்ற வரி வந்தது. 'நீலச் சேட்டு' என்று இருந்தது. அம்மா தாளின்மேல் கையை வைத்துவிட்டார். "இல்லை" என்றார். அந்தச் சொல் அப்போது தெளிவாக வரத் தொடங்கியிருந்தது. மகள் திரும்ப வாசித்தாள். "இல்லை." பிறகு மகள் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளை, மண்ணிறம், கறுப்பு. பச்சை என்றவுடன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தோம். உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது. "பச்...சை" என்றார். எந்த அலுவலகத்தில், யார் எழுதும்போது அது நீலமாக மாறியதோ தெரியாது. இத்தனை வருடமும் ஒருவரும் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

அந்தத் திருத்தத்தை ஒரு கடிதமாக எழுதி, அம்மாவின் இடது பெருவிரல் அடையாளத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். வெள்ளவத்தைத் தபாலகத்தில் பற்றுச்சீட்டை மகள் வாங்கி அவரிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டாக மடித்து, பையின் உட்பக்கத்தில், படத்துக்குப் பின்னால் வைத்தார்.